லயத்துச் சுவர் தடுக்காத அலை: வீட்டு ரவுட்டரை ஒழுங்கமைத்தல்

எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கோஹுபிட்டிய எனக் கேகாலை மாவட்டத்திலும், இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, நிவித்திகலை என இரத்தினபுரி மாவட்டத்திலும் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் இணையம் இன்று ஓர் ஆடம்பரப் பொருளன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொவிட் தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வகுப்பறை கையடக்கத் தொலைபேசிக்குள் இடம்பெயர்ந்தது. அலை கிடைக்கும் இடம் தேடி மாணவர்கள் மலைப்பாறைகளிலும் மரங்களிலும் ஏறி அமர்ந்து பாடம் படித்த காட்சிகள், அயல் மாகாணமான ஊவாவிலிருந்து 2021இல் உலக ஊடகங்கள் வரை சென்றன. சப்ரகமுவ தோட்டங்களின் பெற்றோருக்கும் அந்தக் காட்சி புதியதன்று.

அதன் பின்னரான ஆண்டுகளில், சிம் அட்டை பொருத்தப்பட்ட சிறியதொரு பெட்டி பல லயக் காம்பராக்களில் இடம்பிடித்துவிட்டது. ரவுட்டர் என எல்லோரும் அழைக்கும் இப்பெட்டிக்காகக் குடும்பங்கள் நாட்சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதந்தோறும் பணம் செலுத்துகின்றன. ஆயினும், வாங்கிய நாளில் மின் இணைப்புக் கொடுத்து, அடியில் ஒட்டப்பட்டிருந்த கடவுச்சொல்லைப் பிள்ளைகளுக்குக் காட்டியதோடு அலுவல் முடிந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். பெட்டிக்குள் மாற்றியமைக்கத்தக்க அமைப்புகள் பல உள்ளன. அவற்றை மாற்றாது விடுவதால் பணமும், பிள்ளையின் கல்வியும், சில வேளைகளில் குடும்பத்தின் நற்பெயரும் பாதிப்படையக்கூடும். இது போதியளவு எடுத்துச் சொல்லப்படவில்லை.

லயத்தின் தனித்தன்மை

வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்பு, பொதுவாக ஒரு வீட்டுக்கு ஒரு ரவுட்டர் என்ற முறையில் பயன்படுத்தப்படுகின்றது. வீட்டைச் சுற்றித் தோட்டமும் மதிலும் இருக்கும். அலை வெளியே கசிந்தாலும் அதைப் பெறுவதற்கு அருகில் எவரும் இரார். லயத்தின் நிலை வேறு. ஒரே கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு குடும்பங்கள் வரிசையாக வாழ்கின்றன. சில பழைய லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எழும்புவதுமில்லை. அடுத்த காம்பராவின் அடுப்புப் புகையும் வானொலிச் சத்தமும் எவ்வாறு தடையின்றி வருகின்றனவோ, அவ்வாறே ரவுட்டரின் அலையும் சென்று வருகின்றது.

பெரும்பாலான ரவுட்டர்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்ரிமீற்றர். அது சுவரை ஊடுருவும்போது வலுவிழக்குமேயன்றி நின்றுவிடுவதில்லை. எனவே ஒரு காம்பராவில் உள்ள ரவுட்டரை இருபுறத்திலும் உள்ள பல வீடுகளில் இருந்து அணுக முடியும். தனி வீட்டில் வாழ்பவருக்கு ரவுட்டரின் பாதுகாப்பு ஒரு முன்னெச்சரிக்கை என்றால், லயத்தில் வாழ்பவருக்கு அது அன்றாடத் தேவையாகும்.

பூட்டப்படாத வலையமைப்பின் விலை

இதன் பாரதூரத்தை உணர்த்தும் சம்பவம் ஒன்று 2008ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை 26ஆம் திகதி அகமதாபாத் நகரில் தொடர் குண்டுவெடிப்புகள் இடம்பெற்று ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னர் ஊடகங்களுக்கு மின்னஞ்சல் ஒன்று அனுப்பப்பட்டிருந்தது. அதன் தடத்தைப் பின்பற்றிய பொலிஸார் நவி மும்பையில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றனர். கணினிகள் கைப்பற்றப்பட்டன, அவர் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். பூட்டப்படாதிருந்த அவரது வைஃபை இணைப்பை வேறு எவரோ பயன்படுத்தியுள்ளனர் என்பது பின்னரே தெரியவந்தது. இத்தகைய சம்பவங்களைத் தொடர்ந்து 2009இல் இந்தியத் தொலைத்தொடர்புத் திணைக்களம், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பது குறித்து இணைய வழங்குநர்களுக்கு அறிவுறுத்தல்களை விடுத்தது.

குற்றமற்ற அம்மனிதர் ஓர் அமெரிக்கர். அவருக்காகப் பேசத் தூதரகமும், வழக்கறிஞரும், ஊடகங்களும் இருந்தன. அதே நிலை எட்டியாந்தோட்டையில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய்க்கோ, பலாங்கொடையில் சிறுகடை நடத்தும் ஒரு முஸ்லிம் குடும்பத்தவருக்கோ நேர்ந்தால் என்னாகும் என்பதை நாம் சிந்திக்க வேண்டும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. இணையத்தில் இடப்படும் ஒரு வதந்தியோ வெறுப்புப் பதிவோ எத்தகைய தீயை மூட்டக்கூடும் என்பதை இந்நாட்டின் சிறுபான்மை மக்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

அத்தகையதொரு பதிவு உங்கள் ரவுட்டரின் ஊடாகச் சென்றிருந்தால், வழங்குநரின் பதிவேட்டில் முதலில் காணப்படுவது சந்தாதாரரான உங்கள் பெயரே. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியின்றிக் கணினியை அணுகுவதைக் குற்றமாக்குகின்றது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் வெளியிடப்படும் கூற்றுகள் தொடர்பானது. செய்தவர் வேறொருவர் என்று பின்னர் நிரூபிக்க முடியலாம். ஆனால் அதுவரை பொலிஸ் நிலையப் படியேற வேண்டியவர் நீங்களாகவே இருப்பீர்கள். தம் பெயரில் அன்றி, கடைக்காரரின் அல்லது உறவினரின் பெயரில் பெறப்பட்ட சிம் அட்டையைப் பாவிப்போர் அதை உடனடியாகத் தம் பெயருக்கு மாற்றிக் கொள்வதும் அவசியமாகும். மற்றவரின் பெயரில் ஓடும் இணைப்பு அவரையும் ஆபத்தில் வைக்கின்றது.

முதலில் இடம், பின்னர் அமைப்பு

அமைப்புகளை மாற்றுவதற்கு முன்னர் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். சிம் அட்டை ரவுட்டரில் இரண்டு அலைகள் தொழிற்படுகின்றன. ஒன்று, மலைக்கு அப்பாலுள்ள கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு வருவது. மற்றையது, ரவுட்டரிலிருந்து உங்கள் தொலைபேசிக்கு வருவது. தொலைபேசியில் வைஃபை அடையாளம் முழுமையாகத் தெரிந்தும் பாடம் திறக்கவில்லையென்றால், குறைபாடு பெரும்பாலும் முதலாவது அலையிலேயே உள்ளது. வைஃபை அமைப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் அது தீராது.

லயக் காம்பரா சிறியது. ஆகவே ரவுட்டரை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும் என்ற பொதுவான அறிவுரை இங்கு பொருந்தாது. கோபுரம் உள்ள திசையை நோக்கிய யன்னலோரமே சிறந்த இடம். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்; உலோகத் தகடு அலையைத் திருப்பி அனுப்பிவிடும். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறமும் உகந்ததன்று. பல ரவுட்டர்களின் தகவல் பக்கத்தில் 'ஆர்எஸ்ஆர்பி' என்ற பெயரில் கோபுர அலையின் அளவு காட்டப்படும். அது எதிர்க்கணிய எண்ணாக இருக்கும். பூச்சியத்தை நெருங்க நெருங்க அலை வலுவானது. -90 என்றால் நன்று. -110 அல்லது அதற்குக் கீழ் என்றால் மிகப் பலவீனம். ரவுட்டரை இரண்டு மூன்று அடி நகர்த்தி, ஒரு நிமிடம் பொறுத்து அவ்வெண்ணைப் பார்த்து, சிறந்த இடத்தைக் குறித்துக் கொள்ளலாம். செலவில்லாத இந்த அரை மணி நேர வேலை, புதிய ரவுட்டர் வாங்குவதைவிடச் சில வேளைகளில் கூடுதல் பலன் தரும்.

அமைப்புப் பக்கத்தினுள் நுழைதல்

ரவுட்டரின் வைஃபையுடன் தொலைபேசியை இணைத்துக் கொண்டு, இணைய உலாவியின் முகவரிப் பட்டையில் ரவுட்டரின் இலக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். அது பொதுவாக 192.168.1.1 அல்லது 192.168.8.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சரியான இலக்கமும், நுழைவதற்கான பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடிப்பகுதியில் ஒட்டப்பட்டிருக்கும். இப்பக்கம் ரவுட்டருக்குள்ளேயே இருப்பதால் இதனைத் திறப்பதற்கு டேட்டா செலவாவதில்லை.

இங்கு இரண்டு வெவ்வேறு கடவுச்சொற்கள் உள்ளன என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். ஒன்று, வைஃபையில் இணைவதற்கானது. மற்றையது, அமைப்புகளை மாற்றுவதற்கானது. இரண்டாவதை மாற்றாதோர் பலர். தொழிற்சாலையில் இடப்பட்ட 'அட்மின்' போன்ற சொல் அப்படியே இருந்தால், உங்கள் வைஃபையில் இணைந்த எவரும் உள்ளே நுழைந்து, உங்களையே வெளியேற்றிவிட முடியும். ஆகவே இதனையே முதலில் மாற்ற வேண்டும்.

வைஃபை கடவுச்சொல் குறைந்தது பன்னிரண்டு எழுத்துகளைக் கொண்டிருப்பது நல்லது. தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், பிள்ளையின் பெயர் என்பன அயலவர் எளிதில் ஊகிக்கக்கூடியவை. தொடர்பில்லாத மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, இடையில் எண்களைச் சேர்த்தால் நினைவில் வைத்திருக்கவும் இலகு, ஊகிக்கவும் கடினம். அதனை ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டும். மறந்துவிட்டால் ரவுட்டரின் பின்புறமுள்ள சிறு துவாரத்தில் ஊசியை அழுத்தி மீளமைக்கலாம். ஆனால் செய்த மாற்றங்கள் அனைத்தும் அழிந்து, பெட்டி வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். வலையமைப்பின் பெயரை மாற்றும்போது குடும்பப் பெயரையோ காம்பரா இலக்கத்தையோ இடாதிருப்பது விவேகமானது.

எந்தப் பூட்டைத் தெரிவு செய்வது?

'செக்கியூரிட்டி' என்ற பகுதியில் பல தெரிவுகள் காணப்படும். அவற்றுள் 'டபிள்யூஈபி' என்பது மிகப் பழையது. அதன் குறைபாட்டை ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே வெளிப்படுத்திவிட்டனர். இன்று அது பூட்டே அன்று. 2004இல் அறிமுகமான 'டபிள்யூபிஏ2' முறையை 'ஏஈஎஸ்' குறியாக்கத்துடன் தெரிவு செய்தால் போதுமானது. 2018இல் வெளியான 'டபிள்யூபிஏ3' இருந்தால் அது மேலும் சிறந்தது. எனினும் பழைய தொலைபேசிகள் அதனுடன் இணைய மறுக்கலாம் என்பதால், இரண்டும் கலந்த தெரிவை இட்டுக் கொள்ளலாம்.

ஒரு பொத்தானை அழுத்தியோ, எட்டு இலக்க எண் ஒன்றை வழங்கியோ இணைப்பதற்கு வழி செய்யும் 'டபிள்யூபிஎஸ்' என்ற வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். அந்த எட்டு இலக்க எண்ணைச் சில மணித்தியாலங்களில் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011இல் நிரூபிக்கப்பட்டது. கடவுச்சொல் எத்தனை வலுவானதாயினும், இந்தப் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை.

லயத்தினருக்கு மிகவும் பயன்தரும் மற்றுமோர் அமைப்பு, ரவுட்டரின் ஒலிபரப்பு வலுவைக் குறைப்பதாகும். இது எல்லா ரவுட்டர்களிலும் இல்லை. உள்ளவற்றில் 'டிரான்ஸ்மிட் பவர்' என்ற பெயரில் காணப்படும். ஒரு காம்பராவுக்கும் இஸ்தோப்புக்கும் முழு வலு தேவையில்லை. நடுத்தர அளவுக்குக் குறைத்தால் வீட்டினுள் குறை தெரியாது. வெளியே கசிவது குறையும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை உள்ள ரவுட்டராயின், வீட்டினுள் அதனையே பாவிக்கலாம். அது வேகம் கூடியது. சுவரை ஊடுருவும் ஆற்றல் குறைந்தது. தனி வீட்டுக்காரர் குறையாகக் கருதும் இவ்வியல்பு லயத்தில் நன்மையாக அமைகின்றது.

ஒரே லயத்தில் பல ரவுட்டர்கள்

ஒரு லயத்தில் நான்கைந்து ரவுட்டர்கள் இருக்குமாயின் அவை ஒன்றையொன்று குழப்பும். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் எவர் பேச்சும் கேளாததைப் போன்றது இது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 13 தடங்கள் இருந்தாலும், ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடியவையாகப் பொதுவாகக் கொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்றுமே. அயலவர்கள் கூடிப் பேசி இம்மூன்றையும் வரிசையாகப் பகிர்ந்து கொண்டால், முதலாம் காம்பராவின் ரவுட்டரும் நான்காம் காம்பராவின் ரவுட்டரும் ஒரே தடத்தைப் பெறும். இடையிலுள்ள சுவர்கள் அவற்றைப் பிரித்துவிடும். தடத்தின் அகலத்தை 40 இலிருந்து 20 மெகாஹேர்ட்ஸாகக் குறைப்பதும் அவசியம். ஒருவர் மட்டும் அகலத்தைக் கூட்டினால் எல்லோருக்கும் வேகம் குறையும். வாய்க்கால் நீரை முறை வைத்துப் பங்கிடும் அதே ஒழுங்கே இங்கும் வேண்டப்படுகின்றது.

கொடுப்பது வேறு, கசிவது வேறு

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றது. அதன் வீட்டில் ரவுட்டர் இல்லை. கதவைப் பூட்டிவிட்டால் அப்பிள்ளையின் கல்வி என்னாவது? உப்பும் சீனியும் கைமாறும் லயத்து வாழ்வில் இக்கேள்விக்கு இரக்கமற்ற பதில் கூற முடியாது, கூறவும் தேவையில்லை.

பல ரவுட்டர்களில் 'கெஸ்ட்' எனப்படும் விருந்தினர் வலையமைப்பு வசதி உள்ளது. இது வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொண்ட தனி வலையமைப்பாக இயங்கும். இதில் இணைபவர் உங்கள் வீட்டுத் தொலைபேசிகளையோ ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தையோ அணுகாதவாறு தடுத்து வைக்கலாம். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டும் அதைத் திறந்து வைக்கலாம். மாதந்தோறும் கடவுச்சொல்லை மாற்றலாம். எவரெவர் இணைந்துள்ளனர் என்பதை இணைந்த கருவிகளின் பட்டியலில் அறியலாம். இவ்வாறு செய்யும்போது உங்கள் இணைப்பை யார் பாவிக்கின்றார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விருந்தினரை அழைத்து உபசரிப்பது ஒன்று. கதவே இல்லாத வீட்டில் வாழ்வது மற்றொன்று.

எனினும் இரண்டு விடயங்களை மறத்தலாகாது. விருந்தினர் பாவிக்கும் டேட்டாவும் உங்கள் கணக்கிலேயே கழியும். உயர்தரக் காணொளி ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 3 கிகாபைட் வரை விழுங்கக்கூடும். தரத்தைக் குறைத்துப் பார்த்தால் அதன் மூன்றிலொரு பங்கே செலவாகும். மேலும், விருந்தினர் வலையமைப்பின் ஊடாக நிகழ்வதற்கும் பதிவேட்டில் உள்ளது உங்கள் பெயரே. எனவே நன்கறிந்தவருக்கு மட்டும் கொடுப்பதே பொருத்தமானது. இணைப்பைப் பணத்துக்கு விற்பதை வழங்குநர்களின் நிபந்தனைகள் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

பிள்ளைகளும் இடிமின்னலும்

தகாத காட்சிகள் பிள்ளைகளின் கண்ணில் படுமோ என்ற அச்சம் தமிழ், முஸ்லிம் பெற்றோருக்குப் பொதுவானது. ரவுட்டரின் 'டிஎன்எஸ்' பகுதியில் 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் இட்டால், ஆபாசத் தளங்களும் தீங்கு விளைவிக்கும் தளங்களும் பெருமளவில் தடுக்கப்படும். கிளவுட்ஃபிளேயர் நிறுவனம் 2020இல் தொடங்கிய இச்சேவை இலவசமானது. சில வழங்குநர்களின் ரவுட்டர்களில் இதனை மாற்ற இயலாது. அவ்வாறாயின் பிள்ளையின் தொலைபேசியிலேயே மாற்றலாம். எந்தத் தடுப்பும் பெற்றோரின் கண்காணிப்புக்கு ஈடாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இறுதியாக, சப்ரகமுவவுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் வேளைகளில் இங்கு இடிமின்னல் கடுமையாக இருக்கும். வானம் கறுக்கும்போதே ரவுட்டரின் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. கூரைக்கு வெளியே அன்ரெனா பொருத்தியிருந்தால் அதன் கம்பியையும் மழைக்கு முன்னரே பிரித்து வைக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களில் எச்சரிக்கைச் செய்தியைப் பெறுவதற்குத் தொலைபேசியில் சிம் இணைப்பு இயங்குவதே முக்கியம். ரவுட்டரை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கோஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்களைக் காவுகொண்டதை கேகாலை மாவட்டத்தவர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பொறுப்பு யாருடையது?

மேற்கூறியவற்றில் கடினமானது எதுவுமில்லை. ஆயினும் அமைப்புப் பக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பது, படிப்பறிவு குறைந்த பெற்றோரை அணுகவிடாமல் தடுக்கின்றது. தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று. தமிழ் பேசும் மக்களிடம் மாதந்தோறும் கட்டணம் பெறும் நிறுவனங்கள், ரவுட்டருடன் இரண்டு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் ஒன்றை வழங்குவது பெரிய செலவாகிவிடாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதனை ஒரு நிபந்தனையாகவே விதிக்கலாம். கணக்கு ஊடுருவப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தால், இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம் என்பதும் தமிழில் பரவலாக அறிவிக்கப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாகக் கற்கும் மாணவர்கள் நம் தோட்டங்களில் இருக்கின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஓர் ஆசிரியரின் வழிகாட்டலுடன் நான்கு மாணவர்கள் லயம் லயமாகச் சென்றால், ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் போதும். அட்மின் கடவுச்சொல்லை மாற்றுவது, டபிள்யூபிஏ2 பூட்டை இடுவது, டபிள்யூபிஎஸ்ஸை நிறுத்துவது, 1, 6, 11 எனத் தடங்களைப் பகிர்வது, விருந்தினர் வலையமைப்பை அமைப்பது ஆகிய ஐந்தும் அந்நேரத்துக்குள் முடிந்துவிடும். கோயில் பரிபாலன சபையோ, பள்ளிவாசல் நிருவாகமோ, தோட்ட இளைஞர் மன்றமோ முன்வந்து இதனை இம்மாதமே தொடங்கலாம். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, புதிய கடவுச்சொற்களைக் கொப்பியில் தம் கையாலேயே எழுதி வைத்துக் கொள்வது மட்டுமே.